பேஸ்னா சத்தம் இல்லீங்க!

வழக்கமா சுகர், பி.பி., நாய்க்கடி, பாம்புக்கடினு எழுதுற ஆள் நான். இன்னைக்கு பேஸ் கிட்டார் பத்தி எழுதப் போறேன். நீளமான பதிவு. கொஞ்சம் கோபமாவும் இருக்கும். முழுசா படிச்சுட்டு திட்டுங்க.

1.

கொஞ்ச நாள் முன்னாடி ஓ.பி.க்கு ஒரு தம்பி வந்தார். அடையாளம் தெரியாத மாதிரி விவரங்களை மாத்தித்தான் சொல்றேன். வயசு இருபத்தி சொச்சம். பகலில் கடை வேலை. லீவு நாளில் ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் கிட்டார்.

"சார், காதுக்குள்ள கொய்ங்ன்னு ஒரு சத்தம். மூணு நாளா நிக்கல."

"கச்சேரியா? எங்க நின்னு வாசிச்ச?"

"வாசிக்கல சார். பேஸ் கீபோர்டுலயே வந்துடும், ஒரு ஆள் சம்பளம் மிச்சம்னு கமிட்டில சொல்லிட்டாங்க. நான் ரேடியோ செட்டுக்காரருக்கு ஒத்தாசையா பாக்ஸ் பக்கத்துல நின்னேன்."

அவரைக் காதுப் பரிசோதனைக்கு அனுப்பினேன். ஆடியோகிராம் கோடு 4000 ஹெர்ட்ஸ் கிட்ட பள்ளமா இறங்கியிருந்தது. அதிக சத்தம் கேட்ட காதின் கையெழுத்து அது.

யோசிச்சுப் பாருங்க. பேஸ் வாசிக்கிறவனை வேண்டாம்னு இறக்கிட்டோம். அதே மேடையில் ஆள் உயரத்துக்குப் பேஸ் பாக்ஸ் அடுக்கினோம். அந்தப் பாக்ஸ் அவன் காதைத் தின்னுடுச்சு. என் கோபம் இதுதான்.

2.

பேஸ் கிட்டார்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன விளக்கம்.

சாதா கிட்டாரில் ஆறு கம்பி. இதில் பெரும்பாலும் நாலு. தடிமனான, நீளமான கம்பிகள். மிகத் தாழ்ந்த கம்பியின் ஒலி சுமார் 41 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 41 அதிர்வு. அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் 1951இல் விற்பனைக்குக் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸ்தான் இதைப் பரவலாக்கியது. அதுவரை மேற்கத்திய வாத்தியக் குழுவில் அந்த வேலையைச் செய்தது ஆள் உயர டபுள் பேஸ்.

தாளத்துக்கும் ராகத்துக்கும் நடுவில் நிக்கிற வாத்தியம் இது. டிரம்ஸ் எங்க விழணும், பாட்டு எந்தச் சுரத்தில் காலூன்றணும், ரெண்டையும் இதுதான் பிடிச்சு வைக்கும். இருக்கும்போது யாரும் கவனிக்க மாட்டாங்க. நிறுத்தினா மட்டும், "ஏதோ காலியா இருக்கே"ன்னு கேப்பாங்க.

1982இல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தின் 'இளைய நிலா'வைக் கேளுங்க. எல்லாரும் கிட்டாரைச் சொல்வோம். அடுத்த தடவை கிட்டாரை விட்டுட்டு அடியில ஓடுறதை மட்டும் கேளுங்க. அங்க தனியா ஒரு பாட்டே நடக்குது. ராஜா சார் குழுவில் பல வருஷம் பேஸ் வாசிச்ச சசிதரன் பேர் உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? ரஹ்மான் பாடல்களில் வாசிச்ச கீத் பீட்டர்ஸ் பேர்?

இது நம்ம ஊர் குறை மட்டும் இல்ல. அமெரிக்காவில் மோடவுன் கம்பெனியின் எத்தனையோ ஹிட் பாட்டுக்குப் பேஸ் வாசிச்சவர் ஜேம்ஸ் ஜேமர்சன். வலது கையில் ஒரே விரலால் வாசிப்பார். அந்தக் கம்பெனி 1960கள் முழுக்க வாத்தியக்காரங்க பேரை இசைத்தட்டு உறையில் போடவே இல்ல. 1971இல்தான் பேர் வர ஆரம்பிச்சது.

3.

ஆவுடையார்கோவில்ல உக்காந்துகிட்டு இதைச் சொல்லாம இருக்க முடியல.

எங்க ஊர் ஆத்மநாதர் கோயில் கருவறையில் லிங்கம் கிடையாது. ஆவுடை மட்டும்தான். மற்ற கோயிலில் லிங்கத்தைத் தாங்குற பீடமா இருக்கிறதுக்கு இங்க தனி வழிபாடு. மாணிக்கவாசகர் பேரோடு சேர்ந்த திருப்பெருந்துறை இது. கொடுங்கையைப் பார்க்க வெளியூரிலிருந்து வர்றீங்க, அண்ணாந்து பார்த்துட்டுப் போறீங்க. தாங்குறதுக்கு மரியாதை கொடுத்த ஊர் இது. இந்த ஊரைச் சுத்தித்தான் மேடையில் பாட்டைத் தாங்குறவனை முதல் ஆளா கழிக்கிறோம்.

நாதஸ்வரத்துக்கு ஒத்து ஊதினவங்களை நினைச்சுப் பாருங்க. கச்சேரி முழுக்க ஒரே சுருதியைப் பிடிச்சு நிப்பாங்க. இப்ப அந்த இடத்தில் சுருதிப் பெட்டி. ஆளை எடுத்துட்டுப் பெட்டியை வைக்கிற பழக்கம் நமக்குப் புதுசு இல்ல.

4.

சரி டாக்டர், உங்களுக்கு ஏன் இந்தக் கவலைன்னு கேப்பீங்க.

நானும் வாசிக்கிறவன்தான். எம்.பி.பி.எஸ். ஹாஸ்டலில் குழுவில் பேஸுக்கு மட்டும் ஆள் கிடைக்கலைனு என்னைப் பிடிச்சுப் போட்டாங்க. எங்கேயும் பேஸ் வாசிக்கிறவன் கதை பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கும். அன்னைக்கு எடுத்தது, இன்னும் விடல.

சாயங்காலம் குவார்ட்டர்ஸில் அரை மணி நேரம். எங்களை மாதிரி அமெச்சூர் ஆளுங்க கவலை எல்லாம் ரொம்பச் சின்னது. ஒரு செட் கம்பி வாங்குற காசில் சாதா கிட்டாருக்கு ரெண்டு மூணு செட் வாங்கலாம். அதனால பழைய கம்பியைக் கழட்டி வெந்நீரில் கொதிக்க வெச்சு, துடைச்சு, திரும்பப் போடுவோம். அழுக்கு கழண்டு கொஞ்ச நாளைக்குப் பளிச்னு கேக்கும். ஆம்ப் இல்லாதவன் ஹோம் தியேட்டரில் சொருகி ஸ்பீக்கரைக் கிழிப்பான். நாலு கம்பியா அஞ்சு கம்பியா, விரலா பிக்கா, ராஜாவா ரஹ்மானா, அடிச்சு வாசிக்கிற ஸ்லாப் தேவையா வெறும் பகட்டான்னு ராத்திரி ரெண்டு மணி வரை சண்டை போடுவோம். என் கட்சி: விரல், நாலு கம்பி, ராஜா. ஸ்லாப் கத்துக்க ஆசை, வரல.

இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட நான் காதடைப்பான் போட்டதில்ல. நோயாளிக்கு ஆயிரம் அறிவுரை சொல்ற டாக்டர்! அந்தத் தம்பியை அனுப்பின பிறகு நானும் ஆடியோகிராம் எடுத்துப் பார்த்தேன். இடது காதில் அதே 4000இல் சின்னதா ஒரு பள்ளம். டிரம்ஸ் சிம்பல் பக்கம் நான் நின்ன காது அது.

5.

அறிவியலுக்கு வருவோம்.

உள்காதில் ஒலியை நரம்புக்கு மாத்தித் தர்ற மயிர் செல்கள் ஒரு காதுக்குச் சுமார் 15,000 இருக்கு. செத்தா மனுஷனுக்குத் திரும்ப முளைக்காது. மருந்து இல்ல, ஆபரேஷன் இல்ல.

அமெரிக்கத் தொழில் சுகாதார நிறுவனம் சொல்ற கணக்கு: 85 டெசிபல்னா 8 மணி நேரம் தாங்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 88க்கு 4 மணி நேரம். 91க்கு 2. 94க்கு 1. 100 டெசிபல்னா வெறும் 15 நிமிஷம். பாக்ஸை ஒட்டி நின்னா 100ஐத் தாண்டுறது சாதாரணம். நம்ம கச்சேரி நடக்கிறது நாலு மணி நேரம்.

பேஸ் பாக்ஸ் முன்னாடி நின்னதுக்கு ஏன் உயர்ந்த ஒலியில அடி விழுதுன்னு கேப்பீங்க. ஒண்ணு, அந்த அடுக்கில் பேஸ் மட்டும் வர்றதில்ல, மேல் ஸ்பீக்கரும் சேர்ந்துதான் கத்துது. ரெண்டு, நம்ம காதுக் குழாயின் அமைப்பே 3000 ஹெர்ட்ஸ் பக்கத்து ஒலியைப் பெருக்கிக் கொடுக்கும். அதனால 4000ஐச் சுத்தித்தான் முதல் சேதம். "ச", "ஃப", "த" மாதிரி மெய்யொலிகளின் தெளிவு அந்தப் பக்கம்தான். வயசான பிறகு "பேசுறது கேக்குது, என்னன்னு புரியல"ம்பீங்களே, அது இதுதான்.

6.

இப்ப ஒரு ஓட்டையைக் காட்டுறேன்.

நம்ம காது தாழ்ந்த ஒலியைக் குறைவாத்தான் உணரும். அதுக்கு ஏத்த மாதிரி சத்தம் அளக்கிற மீட்டரும் தாழ்ந்த ஒலியைக் கழிச்சுத்தான் காட்டும். 'ஏ' எடையிடல்னு பேர். 40 ஹெர்ட்ஸ் ஒலியில் சுமார் 34 டெசிபலைக் கழிச்சுடும். ஒலி மாசு விதிகள், 2000 சொல்ற வரம்பும் இந்த ஏ-டெசிபலில்தான்: குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45. மருத்துவமனையைச் சுத்தி 100 மீட்டர் அமைதி மண்டலம்: பகலில் 50, இரவில் 40.

அதாவது தகரக் கூரையும் ஜன்னல் கண்ணாடியும் நடுங்குற பேஸ், மீட்டரில் பாதிதான் தெரியும்.

இதுக்கு முன்னாடி வேற ஒரு ஊரில் நைட் டூட்டி. வெளிய விழா. உள்ளே கர்ப்பிணிக்கு பி.பி. பாக்கணும். ஸ்டெத்தில் நாம கேக்கிற அந்த 'டக் டக்' தாழ்ந்த ஒலி. இதய ஒலியும் அப்படித்தான். பேஸ் பாக்ஸ் அதிர்வும் அதே பகுதியில்தான் விழுது. ஸ்டெத்தைக் காதில் அழுத்திக்கிட்டு மூணு தடவை பார்த்தேன். கேட்டது பாட்டுதான். கடைசியில் கையால நாடியைத் தொட்டு மேல் அளவை மட்டும் எடுத்தோம். கர்ப்பிணியின் பி.பி. என்னங்கிறது விளையாட்டு விஷயம் இல்லைன்னு உங்களுக்கே தெரியும்.

7.

"ஏழை சனத்துக்கு வருஷத்துல ஒரு நாள் திருவிழா. அதையும் டாக்டர் கெடுக்க வந்துட்டாரு" — இந்தக் கமெண்ட் வரும்னு தெரியும். நியாயமான கேள்வி. பதில் சொல்றேன்.

நான் திருவிழாவை நிறுத்தச் சொல்லல. ராத்திரி 10 மணிக்கு மேல ஒலிபெருக்கி கூடாதுங்கிற விதிக்கே, பண்டிகைக்காக வருஷத்தில் 15 நாள் மிகாமல் நள்ளிரவு வரை அரசு தளர்வு தரலாம்னு இடம் இருக்கு. நல்லா கொண்டாடுங்க.

ஆனா அந்தச் சத்தத்துக்கு விலை கொடுக்கிறது யாரு? முன் வரிசையில் அம்மா மடியில் தூங்குற குழந்தை. செட்டைக் கட்டி, விடிய விடிய பக்கத்தில் நிக்கிற கூலிப் பையன். அந்தப் பேஸ் தம்பி. பணம் கொடுத்த பெரிய மனுஷர் பின்னாடி நாற்காலியில் உக்காந்து பாத்துட்டு 11 மணிக்கு வீட்டுக்குப் போயிடுவாரு. ஏழைகளுக்காகப் பேசுறோம்னா ஏழைப் பையன் காதுக்காகவும் பேசணும்ல?

அப்புறம் "இது எங்க மரபு"ன்னு சொல்லாதீங்க. கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்கு ஏத்தின மான்பூண்டியா பிள்ளை நம்ம புதுக்கோட்டைக்காரர். உள்ளங்கை அகலத் தோலில், மின்சாரம் இல்லாம, தாழ்ந்த ஒலியை வளைச்சுக் காட்டுற வாத்தியம் அது. அதுதான் நம்ம மரபு. அடுக்கின பெட்டி இல்ல.

8.

பேஸ் வாசிக்கிற தம்பிகளுக்கும் ஒரு குட்டு. தப்பு நம்ம பக்கமும் இருக்கு. "எனக்குக் கேக்கல"னு ஒவ்வொரு பாட்டுக்கும் வால்யூம் ஏத்துறது நாமதான்.

✅ ஆம்பைத் தரையில் வெக்காதீங்க. அது உங்க கெண்டைக்காலுக்குத்தான் வாசிக்குது. நாற்காலி மேல ஏத்தி காதைப் பார்த்துச் சாய்ச்சு வைங்க. பாதி வால்யூமில் கேக்கும்.

✅ பஞ்சு வைக்கிறது வேலைக்காகாது. ஃபோம் காதடைப்பானை உருட்டி, காதை மேலயும் பின்னாடியும் இழுத்து உள்ளே விட்டு, அரை நிமிஷம் விரலால் பிடிங்க. முடிஞ்சா இசைக்கலைஞர்களுக்கான ஃபில்டர் வெச்ச அடைப்பான் வாங்குங்க. எல்லா ஒலியும் சீரா குறையும்.

✅ ஹெட்போன் பயிற்சியா? உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம்தான் எல்லை.

✅ கட்டைவிரல் அடியில் வலி, ராத்திரியில் முதல் மூணு விரல் மரத்துப் போறது — ஒரு வாரம் கம்பியைத் தொடாதீங்க. குறையலைனா டாக்டரைப் பாருங்க. சுகர் உள்ளவங்க கூடுதல் கவனம்.

🚨 கச்சேரிக்குப் பிறகு காதில் இரைச்சல் ஒரு நாளுக்கு மேல நீடிச்சா, திடீர்னு காது மந்தமானா, அன்னைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்க. மூணு நாள் காத்திருக்காதீங்க. அந்தத் தம்பி காத்திருந்தார்.

9.

விழாக் கமிட்டி பெரியவங்களுக்கு மூணே வேண்டுகோள்.

பாக்ஸ் அடுக்கில் ரெண்டைக் குறைங்க. மிச்சமாகிற வாடகையில் ஒரு பேஸ் வாசிக்கிற பையனுக்குச் சம்பளம் கொடுங்க.

பாக்ஸ் முன்னாடி கயிறு கட்டி, குழந்தைகளைத் தள்ளி உக்கார வைங்க. திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானா சுமார் 6 டெசிபல் குறையும்.

ஆஸ்பத்திரி இருக்கிற பக்கம் பாக்ஸைத் திருப்பாதீங்க.

பேஸ்னா நெஞ்சில் இடிக்கிற சத்தம் இல்லீங்க. பாட்டைத் தாங்குற ஒரு ஆள். ஆளை எடுத்துட்டு இடியை மட்டும் வெச்சிருக்கோம். அந்தத் தம்பிக்கு இரைச்சல் கொஞ்சம் குறைஞ்சிருக்கு, முழுசா நிக்கல. போன வாரம் கிட்டாரோடு வந்தார். காதடைப்பான் போட்டுக்கிட்டு ரெண்டு பேரும் குவார்ட்டர்ஸில் ஒரு மணி நேரம் வாசிச்சோம். எதிர்வீட்டு சிஸ்டருக்குச் சத்தமே கேக்கலையாம்.

செட் போடுற உங்க நண்பர்களுக்கும், கமிட்டியில் இருக்கிற மாமா, சித்தப்பாக்களுக்கும் அனுப்புங்க.



அரசு மருத்துவர்,
ஆவுடையார்கோவில்