குப்பைப் புழு வேறு, தீவனப் புழு வேறு: புதுக்கடை வட்டார மீன் வளர்ப்போரின் கோரிக்கைச் சாசனம்

பெறுநர்: கன்னியாகுமரி மாவட்ட ஆட்சியர், மீன்வளம் மற்றும் மீனவர் நலத்துறை, தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகம், புதுக்கடைப் பேரூராட்சி.

புதுக்கடை, முன்சிறை, பைங்குளம் பகுதிகளில் சொந்தக் குளத்திலும் குத்தகைக் குளத்திலும் மீன் வளர்க்கும் நாங்கள், மருந்து கேட்டு இதை எழுதவில்லை. மருந்துக் கடைக்கு ஓடவேண்டாத அளவுக்கு நல்ல தீவனம் கேட்கிறோம்.

கட்லாவும் ரோகுவும் தவிட்டையும் கடலைப் பிண்ணாக்கையும் தின்று வளர்பவை. ஆனால் இது இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம். ஆனியிலும் ஐப்பசியிலும் சாக்குப் பிண்ணாக்கில் பூசணம் பிடிக்காமல் காப்பது பெரும்பாடு. அந்தப் பூசணத்தின் நஞ்சான அஃப்ளாடாக்சின் மீனின் ஈரலைக் கெடுக்கும். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் செத்த பிறகுதான், கெட்டுப்போன கடலைப் பிண்ணாக்கில் இப்படி ஒரு நஞ்சு இருப்பதே உலகத்துக்குத் தெரிந்தது. விரால், சிலேபி, கொடுவா வளர்ப்போருக்கோ மிதவைத் தீவனம் வேண்டும். அதன் புரதத்தில் ஒரு பங்கு மீன்தூள். சாளைக் குஞ்சும் சங்காயமும் அரைபட்டுத்தான் மீன்தூள் ஆகிறது. தேங்காய்ப்பட்டணத்திலும் குளச்சலிலும் கடலை நம்பி வாழும் நம் சொந்தக்காரர்களின் நாளைய மீனை இன்றே அரைத்து எங்கள் குளத்தில் கொட்டுகிறோம் என்பதை மறைத்துப் பயனில்லை.

இவற்றையெல்லாம் தவிர்க்கக் கோழிக்கழிவை வாங்கிக் குளத்தில் தட்டுகிறவர்களும் உண்டு. தண்ணீர் நாறுகிறது, மீனுக்குப் புண் வருகிறது, பிறகு பெயர் தெரியாத பொட்டல மருந்து. குளோராம்பெனிகாலும் நைட்ரோஃபுரானும் மீன் வளர்ப்பில் தடைசெய்யப்பட்டவை. பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது என்று வாங்குகிறவருக்கு யார் சொல்வது?

இந்த நிலையில்தான் பிஎஸ்எஃப் புழுவைப் பற்றிப் பேசுகிறோம். கருப்புப் படைவீரர் ஈ எனப்படும் பூச்சியின் புழு அது. வளர்ந்த ஈ இரை தேடி வீட்டுக்குள் வராது. புழுவாக இருக்கும்போது சேர்த்த கொழுப்பிலேயே சில நாள் வாழ்ந்து, முட்டையிட்டு முடிந்துவிடும். உலர்ந்த புழுவில் ஏறத்தாழ நூற்றுக்கு 40 பங்கு புரதம். அதன் கொழுப்பில் மிகுந்திருப்பது லாரிக் அமிலம், நம் தேங்காயெண்ணெயில் இருக்கும் அதே அமிலம்தான். சில பாக்டீரியாக்களை அது அடக்கும். புழுவின் உடலிலுள்ள நுண்ணுயிர் எதிர்ப்புப் புரதங்களும் தோலிலுள்ள கைட்டினும் மீன் குடலின் நுண்ணுயிர்களை நல்ல பக்கம் திருப்புகின்றன என்று ஆய்வுகள் காட்டுகின்றன. சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனமும் இதில் இறங்கியிருக்கிறது.

அளவு மீறினால் அதே கைட்டின் செரிமானத்தைக் குறைக்கும். மீன்தூளை அடியோடு நீக்கிப் புழுவை மட்டும் கொடுத்தபோது வளர்ச்சி குன்றிய சோதனைகளும் உண்டு. மீன் பேனுக்கு இது மருந்தல்ல. விடியற்காலையில் ஆக்சிஜன் குறைந்து மீன் மேலே வந்து வாய் பிளப்பதற்கும் அல்ல. கட்லாக் குளத்துக்கு இது அவசரமே இல்லை என்பது எங்கள் கருத்து. இவ்வளவையும் தெரிந்துகொண்டே கேட்கிறோம்.

1. புழு தின்னும் இரைக்கு விதி வகுக்க வேண்டும். எங்களுக்கு எல்லாவற்றிலும் முதன்மையானது இது. பேரூராட்சிக்குக் குப்பை தீர வேண்டும், எங்களுக்குத் தீவனம் வேண்டும். இரண்டுக்கும் ஒரே புழுத்தொட்டி என்று யாராவது திட்டம் போட்டால் அதை எதிர்ப்போம். அஃப்ளாடாக்சின் இந்தப் புழுவின் உடலில் தங்குவதில்லை. ஆனால் காட்மியம் தங்கும், புழு வழியாக மீனுக்கும் போகும். ஐரோப்பிய ஒன்றியம் 2017 ஜூலை 1 முதல் வளர்ப்பு மீனுக்குப் பூச்சிப் புரதத்தை அனுமதித்தபோதே, உணவகக் கழிவிலும் சாணத்திலும் தீவனப் புழு வளர்க்கக் கூடாது என்ற விதியையும் வைத்திருந்தது. நமக்கும் அப்படி ஒரு கோடு வேண்டும். வாழைக்கழிவு, பலாச்சக்கைக் கழிவு, காய்கறிக்கழிவு, உலர்த்தியோ புளிக்கவைத்தோ நச்சு நீக்கிய மரச்சீனித் தோல் ஆகியவற்றில் வளர்ந்த புழு மட்டும் மீனுக்கு. கோழிக்கழிவிலும் ஓட்டல் எச்சிலிலும் வளர்ந்த புழுவை வேறு வழிக்குக் கொண்டுபோங்கள், எங்கள் குளத்துக்கு வேண்டாம். கேரளத்திலிருந்து இரவோடு இரவாகக் கழிவு ஏற்றிவரும் வண்டிகள் எல்லையில் பிடிபடுவது இங்கே பழைய செய்தி. புழுப்பண்ணை என்ற பெயர்ப்பலகை அந்த வண்டிகளுக்குப் புது வாசலாகிவிடக் கூடாது.

2. சந்தைக் கழிவைப் பிரித்தே வாங்க வேண்டும். திடக்கழிவு விதிகள் 2016இலேயே இதைச் சொல்லிவிட்டன. செய்தால் போதும்.

3. இங்குள்ள குளங்களிலேயே சோதனை நடத்த வேண்டும். மீன்தூளில் கால் பங்கு, அரைப் பங்கு என்று புழுத்தூளாக மாற்றி, விராலிலும் சிலேபியிலும், ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் முழுதாகப் பார்க்க வேண்டும். வளர்ச்சியோடு, எத்தனை மீன் செத்தது, ஈரலும் குடலும் எப்படி இருந்தன என்பதையும் எழுதி, தமிழில் வெளியிட வேண்டும்.

4. முட்டை மையமும் உலர்த்தும் கூடமும் அரசு அமைக்க வேண்டும். இந்த ஈ இணைசேர நல்ல வெளிச்சம் வேண்டும். மழை மூட்டத்தில் முட்டை குறைந்துவிடும். ஒரு கிராம் முட்டையில் ஏறத்தாழ 40,000 புழு வரும் என்பதால் வட்டாரத்துக்கு ஒரு மையம் போதும், வீட்டுக்கு வீடு கூண்டு கட்ட வேண்டியதில்லை. இடவப்பாதி மழையில் புழுவை வெயிலில் காயப்போட முடியாது. ஈரம் நின்றால் பிண்ணாக்குக்கு வந்த அதே பூசணம் இதற்கும் வரும். மையம், கூடம் இரண்டையும் நடத்தும் பொறுப்பை மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்குக் கொடுங்கள்.

5. மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் மீன் நோய் மற்றும் தீவனப் பரிசோதனைக்கூடம் வேண்டும். செத்த மீனை ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு ஊர் ஊராக அலைவதற்குள் மீதி மீனும் போய்விடுகிறது.

6. தீவன மூட்டையில் புரதம், கொழுப்பு அளவோடு, பூச்சி எந்த இரையில் வளர்ந்தது என்பதும் தமிழில் அச்சாக வேண்டும்.

7. பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பொதுப்பிரிவினருக்கு 40 விழுக்காடும், பெண்களுக்கும் பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 60 விழுக்காடும் மானியம் உண்டு. சிறிய தீவனப் புழுக்கூடத்துக்கும் அது கிடைக்கும் என்று தெளிவான ஆணை வேண்டும்.

எங்கள் பங்கு: எங்களில் யாரும் குளத்தில் கோழிக்கழிவு கொட்டமாட்டோம். கொட்டுகிறவரின் பெயரை இந்தச் சாசனத்திலிருந்து நீக்குவோம். சோதனைக்குக் குளங்களைத் தருகிறோம், தீவனக் கணக்கையும் சாவுக் கணக்கையும் எப்போது வேண்டுமானாலும் திறந்து காட்டுகிறோம். ஜூன் 1இல் மேற்குக் கடற்கரை மீன்பிடித் தடைக்காலம் தொடங்குவதற்கு முன், துறையினரும் பல்கலைக்கழகத்தாரும் பேரூராட்சியும் எங்களோடு புதுக்கடையில் ஒரே மேசையில் உட்கார நாள் குறித்துத் தர வேண்டும்.