பாட்டில் மருந்தும் பாசியும்

பென்ஷன்காரர்கள் வீட்டில் இப்போது கடல் மீன் தொட்டி ஒரு புது மோகம். பேரப்பிள்ளைகள் 'நீமோ' கேட்கிறார்கள். தாத்தாவும் தொட்டி, விளக்கு, பம்ப், உப்பு என்று ஒரு பெரிய தொகையை இறக்கிவிடுகிறார். மூன்றாம் மாதம் தொட்டியெங்கும் பாசி. கடைக்குப் போனால் ஒரு பாட்டில் மருந்தைக் கொடுத்து அனுப்புகிறார்கள். அந்தப் பாட்டில்மேல் எனக்குத் தீராத கோபம்.

முப்பது வருஷம் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் இருந்தவன் நான். தண்ணீரில் ஒன்று வளர்கிறது என்றால் அதற்கு யாரோ சாப்பாடு போடுகிறார்கள் என்று அர்த்தம். பாசிக்குச் சாப்பாடு நைட்ரேட்டும் பாஸ்பேட்டும். மருந்து ஊற்றினால் பாசி சாகும், சரி. செத்தது எங்கே போகும்? தொட்டிக்குள்ளேயே அழுகும். அழுகும்போது தண்ணீரில் இருக்கும் ஆக்ஸிஜனைத் தின்றுவிட்டு, தான் சேர்த்து வைத்த சத்தையும் திரும்பத் தண்ணீரிலேயே விடும். மருந்தில் செம்பு இருந்தால் இறால், நத்தை எல்லாம் காலி. எங்கள் குடியிருப்பில் ஒரு நண்பர் ராத்திரி மருந்தை ஊற்றிவிட்டுப் படுத்தார். காலையில் இரண்டு கோமாளி மீன்களும் மிதந்தன. பேத்தி ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

முதலில் வந்திருப்பது எது என்று பாருங்கள். புதுத் தொட்டியில் மணல்மேல் பழுப்புப் பொடி தூவியது போல இருந்தால் அது டயாட்டம்; தண்ணீரில் உள்ள சிலிகேட் தீர்ந்ததும் சில வாரங்களில் தானே போய்விடும். பச்சை முடி மாதிரி பாறையில் வளர்ந்தால் தீனி அதிகம். கருஞ்சிவப்பாக, வழவழவென்று, ஏடு போல உரிந்து வந்தால் அது பாசியே அல்ல, சயனோபாக்டீரியா. நீரோட்டம் போதாத மூலைகளில்தான் பெரும்பாலும் படியும். உறிஞ்சி எடுத்துவிட்டு பம்ப்பின் திசையைத் திருப்பிப் பாருங்கள்.

நான்காவது ஒன்று இருக்கிறது, அதுதான் பொல்லாதது. பழுப்பு நிறத்தில் சளி மாதிரி நூல் நூலாகத் தொங்கும். நடுநடுவே காற்றுக் குமிழி. ராத்திரியில் குறைந்து, விளக்குப் போட்டதும் மறுபடி வரும். டைனோஃபிளாஜெலேட் என்று பெயர். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சுத்தமாகப் பூஜ்யமான தொட்டியில் வேறு போட்டி இல்லாததால் இது செழிக்கும். நம்மவர் பாசி என்று பயந்து வாராவாரம் தண்ணீர் மாற்றுவார், மீனைப் பட்டினி போடுவார். அது இன்னும் பெருகும். சந்தேகம் இருந்தால் கொஞ்சம் சளியைத் தொட்டித் தண்ணீரோடு ஒரு பாட்டிலில் போட்டு நன்றாகக் குலுக்கி, டிஷ்யூ பேப்பரில் வடிகட்டி, விளக்கடியில் ஒரு மணி நேரம் வையுங்கள். வடிந்த தண்ணீரில் மறுபடி நூலாகத் திரண்டால் அநேகமாக இதுதான். இதற்கு வைத்தியமே தலைகீழ்: சத்தைக் கொஞ்சம் ஏற விட வேண்டும்.

ஆகவே மருந்துக்குக் கொடுக்கும் காசில் உப்புத் தண்ணீருக்கென்று உள்ள நைட்ரேட், பாஸ்பேட் கிட்டுகளை வாங்குங்கள். நைட்ரேட் 5 முதல் 10 பி.பி.எம்., பாஸ்பேட் 0.03 முதல் 0.1 வரை இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம்.

அடுத்து, தண்ணீர். "எங்கள் வீட்டில் ஆர்.ஓ. இருக்கிறதே" என்பார்கள். சமையலறை ஆர்.ஓ. மெஷின்கள் பலவற்றில் ருசிக்காகக் கொஞ்சம் பழைய தண்ணீரையே திரும்பக் கலக்கிறார்கள். உப்புப் போடுவதற்கு முன் டி.டி.எஸ். மீட்டரை வைத்தால் பூஜ்யம் காட்ட வேண்டும், அதற்கு ஆர்.ஓ.வுக்குப் பிறகு டி.ஐ. வடிகட்டி ஒன்று வேண்டும். தொட்டியிலிருந்து ஆவியாவது வெறும் தண்ணீர்தான். குறைந்ததை போர் தண்ணீரால் நிரப்பிக்கொண்டே இருந்தால், வெந்நீர்ப் பாத்திரத்தில் உப்புப் படிவது போல, அதில் இருப்பதெல்லாம் தொட்டியிலேயே சேரும்.

தீனி விஷயத்தில் தாத்தாக்களை நம்பவே கூடாது. பேரன் வந்தால் ஒரு தரம், போனால் ஒரு தரம். இரண்டு நிமிஷத்தில் தின்று முடிக்கிற அளவு போதும். விளக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம்.

போன வாரம் ஒருவர், உப்பெல்லாம் எதற்கு, மெரினாவிலிருந்து ரெண்டு குடம் கொண்டுவந்தால் ஆகாதா என்று கேட்டார். அந்தப் பக்கம் கூவம், இந்தப் பக்கம் அடையாறு. பாசிக்கு இதைவிடப் பெரிய விருந்து வைக்க முடியாது என்று சொல்லியனுப்பினேன்.