பட்டமும் பட்டாவும்

ஆடி அமாவாசை வந்தால் எனக்குக் காரையார் ஞாபகம் வந்துவிடும். சின்ன வயதில் தாத்தாவோடு பாபநாசம் வழியாகச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போவோம். அங்கே சிங்கம்பட்டி ராஜா ராஜ உடையில் அமர்ந்திருப்பார். "கும்பிட்டுக்கோடே" என்பார் தாத்தா. நானும் கும்பிட்டேன்.

கடைசியாகப் பட்டம் சூடியவரான முருகதாஸ் தீர்த்தபதி 2020 மே மாதம் காலமானார். ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948-லேயே வந்துவிட்டது. அரசியல் சட்டத்தின் 18-வது பிரிவும் இனி அரசு பட்டம் எதுவும் வழங்காது என்று சொல்லிவிட்டது. ஆனாலும் நம் ஊர்க்காரர்களுக்கு அவர் கடைசி வரை ராஜாதான். அதில் எனக்கு வருத்தமில்லை.

வெள்ளைக்காரன் கொடுத்த ராவ் பகதூர் பட்டமெல்லாம் ஆளோடு போய்விடும். அபூர்வமாகச் சிலருக்குத்தான் பரம்பரைப் பட்டம். செட்டிநாட்டு அண்ணாமலைச் செட்டியாருக்கு 1929-ல் 'ராஜா' பட்டம் அப்படிக் கிடைத்தது. அவருக்குப் பின் மகனுக்கு இறங்கியது. இங்கிலாந்திலேயே 1999-ல் பரம்பரை லார்டுகளில் 92 பேரைத் தவிர மற்றவர்களை மேல்சபையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். பதவி போனது, பட்டம் மட்டும் வீட்டில் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

என் மனத்தை அறுப்பது வேறு. அதே 1929-ல்தான் சிங்கம்பட்டி ஜமீன் 8,300 ஏக்கருக்கு மேல் காட்டைப் பம்பாய் பர்மா கம்பெனிக்கு 99 வருடக் குத்தகைக்கு விட்டது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி எல்லாம் அப்படி உண்டானவை. ஜமீன் போயிற்று, குத்தகை போகவில்லை. அது 2028-ல் முடிகிறது. அதற்கு முன்பே, 2024-ல், தொழிலாளர்களை மலையை விட்டு இறங்கச் சொல்லிவிட்டார்கள்.

காடு மீண்டும் காடாகட்டும். அது புலிகள் காப்பகம், தாமிரபரணிக்கு நீர் தரும் மலை. நாம் குடிப்பதும் அந்தத் தண்ணீர்தான். ஆனால் கணக்கைப் பாருங்கள். ராஜாவின் பட்டம் தலைமுறை தலைமுறையாக இறங்கியது. கம்பெனியின் பாத்தியதை ஆட்சி மாறியும் நிலைத்தது. அட்டைக்கடியிலும் மழையிலும் நாலு தலைமுறையாகக் கொழுந்து பறித்தவர்களுக்கு மட்டும் அந்த மலையில் ஒரு சென்ட் நிலம்கூட இறங்கவில்லை.

கீழே வீடு தருவதாக அரசு சொல்கிறது. வீடு மட்டும் போதாது, பிழைப்புக்கு நிலமும் வேண்டும். பட்டம் பரம்பரையாக வரலாம் என்றால் உழைப்பின் பலனும் வரலாம் அல்லவா? ராஜாவைக் கும்பிட்ட ஊர் நாம். அவர்களுக்காகவும் கொஞ்சம் குரல் கொடுப்போம்.