வெளியூர்க்காரரும் ஆஸ்பத்திரியும்

மும்பையில் அடிக்கடி காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு. வெளியூர்க்காரர்கள் வந்து குவிவதால்தான் மாநகராட்சி ஆஸ்பத்திரிகளில் இடம் இல்லை என்பதே அந்தப் பேச்சு. வெளியூர் நோயாளிகளிடம் கூடுதல் கட்டணம் வாங்க வேண்டும் என்ற யோசனையும் அவ்வப்போது தலைதூக்குகிறது.

சயான் லோகமான்ய திலக் ஆஸ்பத்திரியிலும், பரேல் கே.இ.எம். ஆஸ்பத்திரியிலும் கூட்டம் அலைமோதுவதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அந்தக் கூட்டத்துக்கு யார் காரணம் என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

வெளியூர்க்காரர் என்ற ஒரே சொல்லில் இரு வகையினர் அடைபடுகிறார்கள். பெரிய சிகிச்சைக்காக வேறு மாவட்டத்தில் இருந்து ரெயில் ஏறி வருகிறவர்கள் ஒரு வகை. பிழைப்புக்காக எப்போதோ வந்து, இங்கேயே குடியிருந்து, இங்கேயே உழைக்கிறவர்கள் இன்னொரு வகை. தாராவியிலும் செம்பூரிலும் பாண்டுப்பிலும் வாழும் தமிழர்கள் இரண்டாவது வகையினர். 2011-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் தமிழைத் தாய்மொழியாகக் குறித்தவர்கள் மகாராஷ்டிரத்தில் சுமார் 5 லட்சம் பேர். அவர்கள் வாடகை கொடுக்கிறார்கள். வாங்கும் ஒவ்வொரு பொருளுக்கும் வரி கொடுக்கிறார்கள். ஊரை விட்டு வந்தவர்கள் என்பதற்காக அவர்களை ஆஸ்பத்திரிக்குப் பாரம் என்று சொல்வது பொருந்தாது.

உண்மை இதற்கு நேர்மாறானது. குடிபெயர்ந்து வந்தவர்கள் ஆஸ்பத்திரிக்கு அதிகமாகப் போவதில்லை; குறைவாகப் போகிறார்கள். போகும்போதும் காலம் கடந்து போகிறார்கள்.

அமெரிக்காவிலும் இதே குற்றச்சாட்டு பல காலமாக எழுந்து வந்தது. அங்குள்ள பொதுச் சுகாதார இதழ் ஒன்றில் 2005-ஆம் ஆண்டு ஓர் ஆய்வு வெளியாயிற்று. 1998-ஆம் ஆண்டின் கணக்கை எடுத்துப் பார்த்த ஆய்வு அது. அமெரிக்காவிலேயே பிறந்தவருக்கு ஆண்டுக்கு 2,546 டாலர் மருத்துவச் செலவு ஆனபோது, குடியேறியவருக்கு ஆன செலவு 1,139 டாலர்தான். பாதிக்கும் குறைவு! வயது, வருமானம் போன்ற வேறுபாடுகளைக் கழித்துப் பார்த்த பிறகும் நிலைமை இதுதான். குழந்தைகளின் கணக்கு இன்னும் கவனிக்கத்தக்கது. குடியேறிய வீட்டுக் குழந்தைகளுக்கான மொத்தச் செலவு மிகக் குறைவு. ஆனால் அவசர சிகிச்சைப் பிரிவில் அவர்களுக்கு ஆன செலவு மட்டும் மூன்று மடங்குக்கு மேல். சாதாரணக் காய்ச்சலுக்கு டாக்டரிடம் போக வழியில்லாத குழந்தை, நோய் முற்றியபின் அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடும் நிலைக்கு வருகிறது என்பதே இதன் பொருள்.

அமெரிக்கா வேறு, பாண்டுப் வேறுதான். ஆனால் காரணங்கள் அதிகம் வேறுபடவில்லை.

பாண்டுப் மேற்கில் குன்றுச் சரிவில் குடியிருக்கும் ஒரு கூலித் தொழிலாளிக்கு நெஞ்சுவலி என்று வைத்துக்கொள்வோம். ஸ்டேஷனுக்கு இறங்கி வந்து, ரெயில் ஏறி, காட்கோபர் ராஜாவாடி ஆஸ்பத்திரிக்கோ, சயானுக்கோ போக வேண்டும். அங்கே கேஸ் பேப்பர் எடுக்க ஒரு வரிசை. டாக்டரைப் பார்க்க ஒரு வரிசை. ரத்தப் பரிசோதனைக்கு ஒரு வரிசை. மருந்துக்கு ஒரு வரிசை. ஆஸ்பத்திரிக் கட்டணம் சொற்பம்தான். ஆனால் அன்றைய கூலி போய்விடுகிறது. மறுநாள் ரிப்போர்ட் வாங்கப் போனால் இன்னொரு நாள் கூலியும் போகிறது. அதனால் மருந்துக் கடையில் இரண்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறார்.

மொழி இன்னொரு தடை. வேலை இடத்துக்குப் போதுமான இந்தியும் மராட்டியும் பலருக்குத் தெரியும். ஆனால் வலி எங்கே தொடங்குகிறது, எப்படிப் பரவுகிறது, எத்தனை நாளாக இருக்கிறது என்று சொல்ல அந்த மொழி போதாது. பெண்களுக்கு இந்தச் சங்கடம் இரட்டிப்பு. கணவரையோ, பள்ளிக்கூடம் போகும் பிள்ளையையோ மொழிபெயர்க்க வைத்துக்கொண்டு எல்லா உபாதையையும் டாக்டரிடம் சொல்லிவிட முடியாது.

எல்லாவற்றையும் விடப் பெரிய தடை காகிதம்.

ஒரு காலத்தில் எல்.பி.எஸ். சாலை நெடுகிலும் இருந்த தொழிற்சாலைகளில் நிரந்தர வேலை கிடைத்தவருக்கு ஈ.எஸ்.ஐ. கார்டு கிடைத்தது. முலுண்டில் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி இருந்தது, இன்றும் இருக்கிறது. ஆனால் ஆலைகள் பல மூடப்பட்டன. நிரந்தர வேலை காண்டிராக்ட் வேலை ஆயிற்று. வேலையோடு கார்டும் கை நழுவியது.

மகாராஷ்டிர அரசின் மகாத்மா ஜோதிராவ் புலே ஜன ஆரோக்கியத் திட்டத்தின் உச்சவரம்பை 5 லட்சம் ரூபாயாக உயர்த்த 2023-இல் முடிவு செய்யப்பட்டது. மாநிலத்தில் உள்ள எல்லாக் குடும்பங்களுக்கும் அதை விரிவுபடுத்தவும் முடிவாயிற்று. வரவேற்கத்தக்க முடிவு. ஆனால் அதற்கு மகாராஷ்டிர ரேஷன் கார்டு வேண்டும். இல்லையென்றால் இந்த மாநிலத்தவர் என்பதற்கான டொமிசைல் சான்றிதழ் வேண்டும். அந்தச் சான்றிதழுக்கு 15 ஆண்டுகள் இங்கே குடியிருந்ததைக் காட்ட வேண்டும். வாடகைக்குச் சால் மாறிச் சால் மாறிக் குடியிருந்தவர் எந்த ரசீதைக் காட்டுவார்?

சரி, இங்கேயே ரேஷன் கார்டு வாங்கலாம் என்றால், ஊரில் உள்ள கார்டில் பெயரை நீக்க வேண்டும். நீக்கினால் அந்தப் பெயருக்கு உரிய அரிசி போகும். குடும்பமே பெயரை நீக்கிக்கொண்டால் பொங்கல் பரிசும் போகும். தமிழ்நாட்டு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டமோ தமிழ்நாட்டில் குடியிருக்கும் குடும்பங்களுக்காக அமைந்தது. ஆக, திருநெல்வேலிச் சீமையில் கார்டு, பாண்டுப்பில் நோய். இரண்டுக்கும் நடுவே இரண்டு நாள் ரெயில் பயணம்!

இந்த நிலையில் வெளியூர்க்காரருக்குக் கூடுதல் கட்டணம் என்று வந்தால் என்ன நடக்கும்? கூட்டம் குறையாது. தாமதம்தான் கூடும். ஆரம்பத்தில் மாத்திரையில் கட்டுப்படக்கூடிய சர்க்கரை நோயும் ரத்தக் கொதிப்பும், சிறுநீரகம் கெட்டபின் படுக்கையைத் தேடி வரும். அப்போது ஆகும் செலவு மாநகராட்சிக்கும் பல மடங்கு.

டில்லியில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 2018-ஆம் ஆண்டு ஜி.டி.பி. ஆஸ்பத்திரியில் 80 சதவீதப் படுக்கைகள் டில்லிவாசிகளுக்கே என்று டில்லி அரசு உத்தரவு போட்டது. அதே ஆண்டு அக்டோபரில் டில்லி ஐகோர்ட்டு அந்த உத்தரவை ரத்து செய்தது. கொரோனா காலத்தில், 2020 ஜூனில், டில்லி அரசின் ஆஸ்பத்திரிகள் டில்லிவாசிகளுக்கு மட்டுமே என்று மீண்டும் அறிவித்தார்கள். மறுநாளே துணைநிலை கவர்னர் அதை மாற்றினார். 1996-ஆம் ஆண்டிலேயே சுப்ரீம் கோர்ட்டு இதற்கான அடிப்படையைச் சொல்லிவிட்டது. ரெயிலில் இருந்து விழுந்து படுகாயம் அடைந்த ஒரு மேற்கு வங்க விவசாயத் தொழிலாளியை அரசு ஆஸ்பத்திரிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பிய வழக்கு அது. உயிர் காக்கும் சிகிச்சையை உரிய நேரத்தில் தர மறுப்பது, வாழும் உரிமையையே பறிப்பதாகும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

வழி இல்லாமல் இல்லை. வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கென்றே கேரள அரசு 2017-இல் ஆவாஸ் என்ற காப்பீட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. பிரீமியம் இல்லை. 15,000 ரூபாய் வரை இலவச சிகிச்சை என்று அது தொடங்கப்பட்டது. வந்தவனையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள ஒரு மாநிலத்தால் முடிந்திருக்கிறது என்பதே இதில் முக்கியம்.

மும்பையில் 2022 நவம்பரில் தொடங்கப்பட்ட பாலாசாகேப் தாக்கரே ஆப்லா தவாகானாக்களில் பல இரவு 10 மணி வரை இயங்குவதாக அமைக்கப்பட்டன. வேலை முடிந்து திரும்பும் தொழிலாளிக்கு ஏற்ற நேரம் இதுதான். பாண்டுப் குன்றுப் பகுதிகளில் இவற்றை அதிகமாக்க வேண்டும். அங்கே ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் கவனிக்கப்பட்டால் சயானில் கூட்டம் தானாகக் குறையும். தமிழர் மிகுந்த இடங்களில் தமிழ் தெரிந்த சுகாதாரப் பணியாளர் ஒருவரையாவது அமர்த்த மாநகராட்சி முன்வர வேண்டும். பல ஆண்டுகளாக இங்கே இருப்பவருக்கு வேலை இடத்துச் சான்றையும், ஆதார் முகவரியையும் போதுமான ஆதாரமாக மாநில அரசு ஏற்க வேண்டும். தமிழக அரசும் தன் காப்பீட்டுத் திட்டத்தை வெளிமாநிலத் தமிழருக்குப் பயன்படும்படி மகாராஷ்டிரத்துடன் கலந்து பேச வேண்டும்.

தமிழர்களின் கையிலும் சில காரியங்கள் இருக்கின்றன. மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் பட்டியலில் பெயர் இருந்தால், அந்தக் கார்டு திட்டத்தில் சேர்ந்த வெளிமாநில ஆஸ்பத்திரியிலும் செல்லும். பெயர் இருக்கிறதா என்று பலர் பார்த்ததே இல்லை. 70 வயது நிறைந்தவர்களுக்கு 2024 அக்டோபரில் இத்திட்டம் விரிவுபடுத்தப்பட்டது. அவர்களுக்கு வருமானக் கணக்கு இல்லை. சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ.க்குப் பிடித்தம் ஆகிறதா, கார்டு கையில் இருக்கிறதா என்று ஒவ்வொருவரும் கேட்டு அறிய வேண்டும். காசநோய்க்கு மருந்து வாங்குகிறவர், கோவில் கொடைக்கு ஊருக்குப் புறப்படுமுன் இங்குள்ள மையத்தில் சொன்னால், ஊரிலேயே மருந்தைத் தொடர ஏற்பாடு செய்வார்கள். பாதியில் விட்டால் நோய் மருந்துக்குக் கட்டுப்படாததாக மாறும். தமிழ்ச் சங்கங்கள் விழாவுக்குச் செலவிடும் உற்சாகத்தில் ஒரு பங்கை, ஞாயிறுதோறும் கார்டு எழுதிக் கொடுக்கவும், ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போகவும் ஒதுக்கினால் பல உயிர்கள் பிழைக்கும்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. பாண்டுப்பில் தமிழர் வெளியூர்க்காரர் என்றால், திருப்பூரில் பீகார் தொழிலாளியும் ஒடிசா தொழிலாளியும் வெளியூர்க்காரர்கள். இங்கே தமிழர் கேட்கும் நியாயத்தை, அங்கே அவர்களுக்குக் கொடுக்கத் தமிழ்நாடு தயங்கக் கூடாது. கேட்கும் வாய்க்கு வலு சேர்ப்பது கொடுக்கும் கைதான்.

நோய் முகவரி கேட்டு வருவதில்லை. ஆஸ்பத்திரியும் முகவரி கேட்டுக் கதவைத் திறக்கக் கூடாது.