காவலனையும் காக்க வேண்டும்

பள்ளி மதிப்பெண்ணும், வங்கிக் கணக்கும், மருத்துவமனைக் குறிப்பும் இன்று கணிப்பொறியின் வட்டுகளிலே குடியிருக்கின்றன. அவ்வட்டுகளில் பழுது உண்டா என்று சோதிப்பதற்கெனத் தனி நிரல்களும் உள்ளன. சோதிக்கும் நிரலிலேயே பழுது இருந்தால் என்ன செய்வது?

அப்படியும் நேர்ந்தது. லினக்ஸ் கணிப்பொறிகளில் 'ஈ2எஃப்எஸ்செக்' என்றொரு நிரல் உண்டு. மின்சாரம் திடீரென நின்று கோப்புகள் குலைந்துபோனால், அவற்றை ஆராய்ந்து செப்பனிடுவது அதன் பணி. வட்டில் யாருக்கு எவ்வளவு இடம் என்ற கணக்கையும் அது படிக்கும். அக்கணக்கிலுள்ள எண்களை அது சரிபாராமல் நம்பிவிட்டது. வஞ்சகன் ஒருவன் திட்டமிட்டுக் கெடுத்த வட்டை அதனிடம் கொடுத்தால், அது நினைவகத்தின் எல்லை தாண்டி எழுதும். அவன் கட்டளைக்கே பணியவும் கூடும். நோயாளியைத் தொட்ட மருத்துவரையே நோய் பற்றிக்கொண்ட கதை அன்றோ இது!

சிஸ்கோ நிறுவனத்தின் டேலோஸ் ஆய்வுக் குழுவினர் இக்குறையைக் கண்டறிந்தனர். 2019 செப்டம்பரில் 1.45.4 என்ற பதிப்பில் அது திருத்தப்பட்டது. 'எண்களை முதலில் சரிபார்' என்பதே திருத்தத்தின் சாரம். 2020 ஜனவரியில் வெளிவந்த 1.45.5 பதிப்பில் வேறொரு குறையும் அடைக்கப்பட்டது. காவல் என்பது ஒருநாள் வேலையன்று.

குறையை மறைக்காமல் அறிவித்தது நன்றே. ஆயினும் அவ்வறிவிப்பை நல்லவரும் படிப்பர், கள்வரும் படிப்பர். எனவே திருத்தம் வெளிவந்த பின்னும் அதை ஏற்காத கணிப்பொறிக்கு ஆபத்து முன்னிலும் அதிகம்.

இதற்கு உலகமே சாட்சி. விண்டோஸில் கோப்புகளைப் பகிரும் பகுதியிலிருந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14 அன்று திருத்தம் வெளியிட்டது. மே 12 அன்று 'வான்னாக்ரை' என்னும் நச்சு நிரல் அதே ஓட்டை வழியாகப் பரவிற்று. இங்கிலாந்தின் பொது மருத்துவமனைகள் பலவற்றில் கணிப்பொறிகள் முடங்கின. நோயாளிகளுக்குக் குறித்துக் கொடுத்த சந்திப்புகளுள் ஏறத்தாழ 19,000 கைவிடப்பட்டதாக மதிப்பிட்டனர். மருந்து வந்து ஏறத்தாழ இரண்டு மாதங்கள் ஆகியும், அதை உட்கொள்ளாததால் வந்த துன்பம் இது!

'திருத்தத்தால் ஓடுகின்ற இயந்திரம் நின்றுவிட்டால்?' என்று சிலர் கேட்பர். நியாயமான அச்சமே. மருத்துவமனை இயந்திரத்தை நினைத்த நேரத்தில் நிறுத்த இயலாது. ஆகவே முதலில் கோப்புகளுக்குப் படி எடுப்போம். வேலை குறைந்த ஒரு நாளைக் குறிப்போம். அந்நாளிலே தவறாமல் செய்வோம். நாள் குறிக்காத 'பிறகு' என்ற சொல்லே கள்வனுக்கு நாம் திறந்து வைக்கும் கதவு.

அன்புத் தோழியரே! பெற்றோரின் கைப்பேசியிலும் பள்ளிக் கணிப்பொறியிலும் புதுப்பிப்பு அறிவிப்பு தோன்றும்போது அதைத் தள்ளிவிடாமல் பெரியோரிடம் எடுத்துச் சொல்வோம். ஊர் பேர் தெரியாத பென்டிரைவைச் செருகாதிருப்போம். வருமுன் காப்போம், நம்மைக் காப்பவற்றையும் காப்போம்!