அருளானந்தர் எதற்காகச் செத்தார்?

ராமநாதபுரம் மாவட்டம் ஓரியூரில் செம்மண்ணை அள்ளி முந்தானையில் முடிந்துகொண்டு போகிறவர்களில் நம் சனமும் ஏராளம். அருளானந்தரின் ரத்தம் தோய்ந்த மண் என்பது நம்பிக்கை. நம்பட்டும். ஆனால் தோழர்களே, அந்தப் பாதிரியாரின் வாழ்க்கையை நாம் நம் கண்ணால் படிக்க வேண்டும்.

ஜான் டி பிரிட்டோ 1647-இல் லிஸ்பனில் பிறந்தவர். அரண்மனையில் வளர்ந்தவர். 1670-களில் மதுரை மிஷனுக்கு வந்தார். அன்று இயேசு சபைச் சாமியார்களிலேயே இரண்டு வகை. பிராமணர்களுக்குப் 'பிராமண சந்நியாசி', மற்றவர்களுக்குப் 'பண்டாரசாமி'. முதல் வகையினர் சேரி மக்களோடு பழகினால் தீட்டு. அதாவது, ஞானஸ்நானம் கொடுக்க வந்தவர்களும் சாதிப்படிதான் பிரிந்து நின்றார்கள்! பிரிட்டோ பண்டாரசாமியானார். காவி கட்டி, மரக்கறி மட்டும் தின்று, நமக்குப் பக்கத்துச் செஞ்சிச் சீமையிலும் அலைந்தார். கிரிவலப் பாதையில் தினமும் காவியைப் பார்க்கிற நமக்கு அந்த வேடத்தின் மதிப்பு புரியும்.

1686-இல் மறவர் சீமையில் பிடிபட்டுச் சித்திரவதைப்பட்டார். பிறகு லிஸ்பன் போனவரை அரசரே அங்கு தங்கச் சொன்னார். கேட்காமல் திரும்பி வந்தார். தடியத்தேவர் கிறித்தவரானதும் மூத்த மனைவியைத் தவிர மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி கிழவன் சேதுபதியின் உறவுப்பெண். புகார் போனது. 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலையை வெட்டினார்கள்.

அந்த உறுதிக்கு வணக்கம். ஆனால் அவர் கழுத்தைக் கொடுத்தது விசுவாசத்துக்காக, சாதி ஒழிப்புக்காக அல்ல. மேடையில் அவரைச் சாதி எதிர்ப்புப் போராளி ஆக்குவது சபைக்கு நாம் இலவசமாகக் கொடுக்கும் நற்சான்று.

1947-இல் ரோமாபுரி அவரைப் புனிதராக்கியது. மூன்றே ஆண்டில், 1950 குடியரசுத் தலைவர் ஆணை கிறித்தவரான நம் மக்களைப் பட்டியலில் சேர்க்காமல் விட்டது. சீக்கியருக்கு 1956-இலும் பௌத்தருக்கு 1990-இலும் கதவு திறந்தது. கிறித்தவ தலித்துக்கு இன்னும் இல்லை. மதம் மாறினால் சாதி போய்விடுமாம்! எறையூருக்குப் போய்ச் சொல்லுங்கள். அங்கே தலித் கிறித்தவர்கள் தனிப் பங்கு கேட்டதற்கு 2008 மார்ச்சில் அவர்கள் வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் சுட்டதில் வன்னியர் கிறித்தவர் 2 பேர் இறந்தார்கள். நம் மாவட்டத்துத் தென்முடியனூரில் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் நுழைய 2023 ஜனவரி வரை காத்திருந்தோம், அதுவும் போலீஸ் காவலோடு. கோயிலோ தேவாலயமோ, வாசல்படி ஒன்றுதான்.

பிப்ரவரி 4 அன்று பூசைக்குப் போகிற தோழர்கள் உங்கள் பங்குச் சாமியாரிடம் கேளுங்கள்: நம்ம ஊர்த் தேர் எந்தத் தெரு வரைக்கும் வரும், சாமி?