மண் சொன்ன சாட்சி

பெரிய திருக்கோயில்களுக்குச் செல்லும் அன்பர்கள் இந்நாளில் கோபுர வாயிலை அடையுமுன் மெட்டல் டிடெக்டர் வாயில் ஒன்றைக் கடந்து செல்கின்றனர். இடுப்பில் சாவிக்கொத்து இருந்தாலும், பூக்கூடையில் வெண்கலச் செம்பு இருந்தாலும் அது ஒலி எழுப்பிவிடும். அதே வகைக் கருவியை ஒரு கோலின் நுனியில் பொருத்தி, வயல்வெளிகளில் தரையை ஒட்டி வீசிக்கொண்டு நடப்பது இங்கிலாந்தில் பலருக்கு விருப்பமான பொழுதுபோக்கு. கோலின் நுனியிலுள்ள வட்டத் தட்டில் கம்பிச்சுருள் இருக்கிறது. அதில் பாயும் மின்சாரம் காந்தப் புலம் ஒன்றை உண்டாக்குகிறது. மண்ணுக்குள் உலோகம் இருந்தால் அப்புலம் சற்றே மாறும். அந்த மாற்றமே காதில் ஒலியாகக் கேட்கும். பெரும்பாலும் அகப்படுபவை ஆணியும் பொத்தானும் தகரத் துண்டும்தாம். எப்போதோ ஒருமுறை பொன் அகப்படும். அப்படிப் பொன் அகப்பட்ட ஒரு நாளில் ஒரு முதியவர் நடந்துகொண்ட முறை எண்ணிப் பார்க்கத்தக்கது.

சுத்தியலைத் தேடச் சென்றவர்

இங்கிலாந்தின் சஃபோக் மாவட்டத்தில் ஹாக்ஸன் என்பது ஒரு சிற்றூர். 1992ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அங்கே ஓர் உழவரின் சுத்தியல் வயலில் தொலைந்துபோயிற்று. அவருடைய நண்பர் எரிக் லாஸ் தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். பணி ஓய்வின்போது அன்பளிப்பாக வந்த உலோகங்காட்டும் கருவி அவரிடம் இருந்தது. சுத்தியலைத் தேடித் தருவதாக அவர் வயலில் இறங்கினார். வெள்ளிக் கரண்டிகளும் பொன் நகைகளும் நாணயங்களும் அடுத்தடுத்து வெளிப்பட்டன.

சிறிது தோண்டி எடுத்தவர் அதற்கு மேல் கை வைக்கவில்லை. நிலத்துக்கு உரிமையுடைய மாவட்ட மன்றத்துக்கும் காவல் துறைக்கும் செய்தி சொல்லிவிட்டு விலகி நின்றார். மறுநாள் தொல்லியல் அறிஞர்கள் வந்து முறைப்படி அகழ்ந்தனர். ஏறத்தாழ 15,000 உரோமானிய நாணயங்களும், 200 வரையிலான வெள்ளி, பொன் பொருள்களும் கிடைத்தன. பிரிட்டனில் உரோமானியர் ஆட்சி குலைந்த 5ஆம் நூற்றாண்டில் யாரோ ஒரு செல்வர் அவற்றைப் புதைத்துவிட்டுச் சென்றிருந்தார்.

அம்முதியவர் விலகி நின்றதால் விளைந்த பயன் பெரிது. மண் கலையாமல் இருந்தபடியால், அப்பொருள்கள் ஓக் மரப் பெட்டி ஒன்றில் அடுக்கப்பட்டிருந்தன என்பதும், அதற்குள் சிறு பெட்டிகளும் இருந்தன என்பதும் தெரியவந்தன. மரம் பெரும்பாலும் மக்கிப்போயிற்று. ஆயினும் கீலும் பூட்டும் கிடந்த இடங்களைக் கொண்டே பெட்டியின் அமைப்பை அறிஞர் கண்டுகொண்டனர். அரசு அவருக்கு 17,50,000 பவுன் பரிசளித்தது. அதை அவர் தம் நண்பரான உழவரோடு பகிர்ந்துகொண்டார். தொலைந்த சுத்தியலும் அகப்பட்டது. அதுவும் அந்தப் புதையலோடு இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது.

பூமிதேவியிடம் அடைக்கலம்

புதையலைப் பூதம் காக்கும் என்பது நம் நாட்டின் பழைய நம்பிக்கை. தமிழகத்து மண்ணிலிருந்து வெளிப்பட்ட அரும்பொருள்களுள் பல, பக்தர்கள் ஒளித்துவைத்த உற்சவ மூர்த்திகளே. கருவறையிலுள்ள கற்றிருமேனியைப் பகைவர் எளிதில் பெயர்த்துச் செல்ல இயலாது. செப்புத் திருமேனிகளோ தூக்கிச் செல்லவும் உருக்கவும் எளியவை. ஆதலால் 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாலிக் காபூரின் படை தெற்கே வந்தது போன்ற இடர்க் காலங்களில், சிவாசாரியார்களும் பட்டாசாரியார்களும் ஊர்ப் பெரியோரும் கூடி மூர்த்திகளை மறைத்துவைத்தனர்.

அதற்கும் முறை உண்டு. கள்வராலோ பகைவராலோ அச்சம் நேரும்போது மூர்த்தியை எவ்வாறு மறைக்க வேண்டும் என்பதை வைகானச ஆகம நூலாகிய விமானார்ச்சன கல்பம் எடுத்துரைக்கிறது. தூய்மையான, பிறர் அறியாத இடத்தில் குழி தோண்டி, மணல் பரப்பி, பூமிதேவியைத் துதித்து, அச்சம் தீரும்வரை அவளுடன் பள்ளிகொண்டிருக்குமாறு பெருமானை வேண்டிக்கொள்ள வேண்டும் என்பது அதன் கருத்து. பூமிதேவியிடம் அடைக்கலமாக ஒப்படைத்துவிட்டு, நல்ல காலம் வந்ததும் திரும்பப் பெறலாம் என்ற நம்பிக்கையோடு செய்த செயல் அது. பல ஊர்களில் இடம் அறிந்தவர்கள் மறைந்துவிட்டனர். மூர்த்திகள் மட்டும் மண்ணுக்குள் காத்திருந்தனர்.

சீகாழிக்கு அருகிலுள்ள திருவெண்காட்டில் 1950களின் தொடக்கத்தில் அவ்வாறு வெளிப்பட்டவரே இன்று தஞ்சைக் கலைக்கூடத்தில் காணப்படும் ரிஷபவாகன மூர்த்தி. காளையின் மேல் கை ஊன்றியது போன்று நிற்கும் அத்திருமேனியின் அழகைக் கண்டவர் மறவார். அது 1011ஆம் ஆண்டையும், உடன் நிற்கும் அம்பிகையின் திருமேனி 1012ஆம் ஆண்டையும் சேர்ந்தவை என்று இன்று உறுதியாகச் சொல்ல முடிகிறது. திருமேனியில் ஆண்டு பொறிக்கப்பட்டிருப்பதனால் அன்று; திருவெண்காட்டுக் கோயிலின் கல்வெட்டு அதைக் கூறுவதனால். மூர்த்தி கிடைத்த ஊர் தெரிந்திருந்ததால்தான் கல்லையும் செம்பையும் இணைக்க முடிந்தது. ஊர் தெரியாமல் போயிருந்தால், பெயரும் காலமும் அறியப்படாத ஓர் அழகிய சிலையாகவே அது நின்றிருக்கும்.

பத்தூர் நடராஜரின் வழக்கு

ஊர் மறைக்கப்பட்டால் நேர்வது என்ன என்பதைப் பத்தூர் நடராஜரின் வரலாறு காட்டுகிறது. பழைய தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்த பத்தூரில் விசுவநாத சுவாமி கோயில் இடிந்து கிடந்தது. 1976இல், அதற்கு அருகே குடிசையில் வாழ்ந்த கூலித் தொழிலாளி ஒருவர் மண் தோண்டியபோது மண்வெட்டி உலோகத்தில் பட்டது. நடராஜரும் வேறு சில மூர்த்திகளும் வெளிப்பட்டனர். வறுமையில் இருந்த அவர் நடராஜரைச் சிறு தொகைக்கு விற்றுவிட்டார். வாங்கியவர் மற்றொருவருக்கு விற்றார். இப்படிக் கைமாறிக் கைமாறி ஆடவல்லான் இலண்டன் மாநகரை அடைந்தார். 1982இல் கனடா நாட்டு நிறுவனம் ஒன்று 2,50,000 பவுன் கொடுத்து அவரை வாங்கியது. பழுது பார்ப்பதற்காகப் பிரிட்டிஷ் மியூசியத்தில் ஒப்படைக்கப்பட்டிருந்தபோது இலண்டன் காவல் துறையினர் அவரைக் கைப்பற்றினர்.

வழக்கு இலண்டன் உயர்நீதிமன்றத்துக்குச் சென்றது. இந்திய அரசும் தமிழக அரசும் மட்டுமன்றி, பத்தூர்க் கோயிலும், அங்கே எஞ்சியிருந்த சிவலிங்கமும் வழக்காடும் தரப்பினராக நின்றன. இவர் பத்தூரிலிருந்து வந்தவர்தாமா என்பதே அங்கு எழுந்த பெரிய வினா. தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி சென்று சாட்சியம் அளித்தார். பத்தூரில் கிடைத்த மற்ற மூர்த்திகளோடு இம்மூர்த்தியின் வார்ப்பு முறை ஒப்பிடப்பட்டது. திருமேனியில் ஒட்டியிருந்த மண்ணும் சோதிக்கப்பட்டது. வாங்கியவரும் விற்றவரும் ஊர்ப்பெயரை மறைத்தாலும், நூற்றாண்டுக் கணக்காகத் தாங்கி நின்ற மண் அவரை விட்டு முழுவதும் நீங்கவில்லை.

1988இல் நீதிபதி கோயிலின் பக்கம் தீர்ப்பளித்தார். 12ஆம் நூற்றாண்டில் இக்கோயிலைக் கட்டுவித்தவரின் அறநோக்கம் இன்றும் அழியவில்லை என்றும், எஞ்சிய சிவலிங்கத்தில் அது உருக்கொண்டு நிற்கிறது என்றும் கருத்துப்பட அவர் கூறியது நம் பெரியோர் உள்ளத்தைத் தொடும். கூரை இல்லாமலும் பூசை இல்லாமலும் கிடந்தாலும் கோயில் கோயிலே என்பதை அயல்நாட்டு நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. மேல்முறையீடும் தள்ளுபடியாகி, 1991இல் நடராஜர் தாயகம் திரும்பினார். ஆயினும் பாதுகாப்புக் கருதித் திருவாரூரில் வைக்கப்பட்டார். கடல் கடந்து மீண்டவருக்குத் தம் ஊர்ச் சந்நிதி உடனே கிட்டவில்லை. ஒருவர் தம் வறுமையில் செய்த பிழையைத் திருத்துவதற்குப் பதினைந்து ஆண்டுகளும் மூன்று நாட்டினரின் வழக்கும் வேண்டியிருந்தன.

சீகாழியில் கண்ட காட்சி

இதற்கு மாறான காட்சியை அண்மையில் சீகாழியில் கண்டோர் பலர். 2023ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், சட்டைநாதர் கோயில் குடமுழுக்குக்காக யாகசாலை அமைக்க மண் எடுத்தபோது இருபதுக்கும் மேற்பட்ட ஐம்பொன் திருமேனிகள் வெளிப்பட்டன. அவற்றோடு தேவாரத் திருப்பதிகங்கள் பொறித்த செப்பேடுகள் நானூறுக்கும் மேல் கிடைத்தன. ஞானசம்பந்தப் பெருமான் அவதரித்த தலத்திலேயே, குடமுழுக்கு வேளையில், தேவாரம் மண்ணிலிருந்து எழுந்து வந்தது. தில்லையில் கறையான் அரித்த ஏடுகளிலிருந்து இராசராச சோழர் தேவாரத்தை மீட்டார் என்று திருமுறை கண்ட புராணம் கூறுவதை அன்று நினையாத அடியார் இரார்.

சீகாழியில் செய்தி உடனே ஊருக்கும் அதிகாரிகளுக்கும் தெரிந்தது. எந்தக் கோயிலில், எந்த இடத்தில், எவற்றோடு சேர்ந்து கிடைத்தன என்பதில் இனி எவருக்கும் ஐயம் எழாது. எத்தனை ஆண்டுகள் சென்றாலும் அம்மூர்த்திகளின் ஊர் சீகாழி என்பது நிலைத்துவிட்டது.

வீட்டிலுள்ள பெரியோர் சொல்ல வேண்டியது

இக்காலத்தில் உலோகங்காட்டும் கருவி எளிதாகக் கிடைக்கிறது. பாழடைந்த கோயில்களில் நந்தியின் அடியிலும் பலிபீடத்தின் அடியிலும் பொன் இருக்கிறது என்று நம்பி, இரவில் சென்று பெயர்த்துப் போடுவோரும் உளர். கற்களைச் சிதைத்ததற்கு மேல் அவர்களில் பலர் பெற்றது ஏதுமில்லை. நேர்மையான குடும்பங்களிலும் வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போதோ, கிணறு தூர் வாரும்போதோ ஏதேனும் அகப்பட்டால், வெளியே சொன்னால் வம்பு என்று மூடிவிடும் எண்ணம் வருவதுண்டு.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய் மதிப்புக்கு மேற்பட்ட எதுவும் மண்ணில் கிடைத்தால் கலெக்டருக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். பொருள் இன்னது, கிடைத்த இடம் இன்னது, கிடைத்த நாள் இன்னது என்று குறிப்பிட வேண்டும். மறைத்தவர் தமக்குரிய பங்கை இழப்பர். ஓராண்டு வரை சிறைத் தண்டனையும் உண்டு. கிராம நிர்வாக அலுவலரிடமோ தாசில்தாரிடமோ உடனே சொல்லிவிடுவது கண்டெடுத்தவருக்கும் பாதுகாப்பு. அதற்குமுன் திருமேனியைத் தேய்த்துக் கழுவுவதோ, ஒட்டியிருக்கும் மண்ணைச் சுரண்டுவதோ கூடாது. பத்தூர் நடராஜரின் வழக்கில் அந்த மண்ணே சாட்சியாக வந்தது.

ஏதேனும் கிடைத்தது என்று பேரப்பிள்ளைகள் ஓடிவந்து சொல்லும் நாளில், வீட்டிலுள்ள பாட்டனாரும் பாட்டியாரும் சொல்லும் முதல் சொல்லே அந்த மூர்த்தியின் வழியைத் தீர்மானிக்கும். ஒரு காலத்தில் யாரோ ஒரு குருக்கள், மீண்டும் காண்போமா என்று அறியாமலேயே, தம் பெருமானைப் பூமிதேவியிடம் ஒப்படைத்துச் சென்றார். அவர் விட்டுச்சென்ற பணியில் எஞ்சியிருப்பது, அம்மூர்த்தியை அவருடைய ஊரறியத் திரும்ப எழுந்தருளச் செய்வது. அது எந்த வீட்டு முற்றத்தில் வாய்க்கிறதோ, அந்த வீட்டாரும் அக்கோயிலின் திருப்பணியில் பங்கு பெற்றவரே ஆவர்.